எட்டாம் நம்பர் ஷூ கடைக்குக் கடை ஏன் மாறுகிறது?

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு கடையில் எட்டாம் நம்பர் ஷூ கச்சிதமாக இருக்கும். நாலு கடை தள்ளி வேறு பிராண்டில் அதே எட்டாம் நம்பர் பெருவிரலை நசுக்கும். பிரான்சிலிருந்து வரப்போகும் சித்தப்பா போனில் "நாப்பத்தி ரெண்டா, நாப்பத்தி மூணா, கரெக்டா சொல்லுப்பா" என்று கேட்டால் என்ன பதில் சொல்வதென்று தெரியாது. போதாததற்கு, இந்தியப் பாதங்களுக்கென்றே 'பா' என்ற புதிய அளவுமுறை உருவாகிறது என்று 2024-இல் செய்தி வந்தபோது, இதுவரை போட்ட நம்பரெல்லாம் தப்பா என்ற சந்தேகமும் பலருக்கு வந்தது.

தப்பில்லை. ஆனால் அந்த நம்பர் உங்கள் பாதத்தின் அளவு அல்ல. குழப்பம் தொடங்குவது இங்கேதான்.

## நம்பர் எதைக் குறிக்கிறது

ஷூ தயாரிப்பு 'லாஸ்ட்' என்ற அச்சில் தொடங்குகிறது. பாதத்தின் வடிவில் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த கட்டை அது. அதன் மேல் தோலை இழுத்து, ஒட்டி, சோலைப் பொருத்திய பிறகு கட்டையை உருவிவிடுவார்கள். உள்ளே மிஞ்சும் வெற்றிடம்தான் ஷூ. பெட்டியில் அச்சாகும் நம்பர், அடிப்படையில், இந்தக் கட்டையின் நீளத்தைச் சொல்வது.

கட்டை எப்போதும் பாதத்தைவிட நீளமாகவே இருக்கும். நடக்கும்போது பாதம் முன்னே நகர்ந்து நீள்வதால் விரல்களுக்கு முன்னால் இடம் வேண்டும். எவ்வளவு இடம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே தீர்மானிக்கிறது. பொதுவாக 10 முதல் 15 மி.மீ. வரை விடுவார்கள். கூர்முனை ஷூவில் விரல் போகவே முடியாத வெறும் முனை இன்னும் கூடுதலாக இருக்கும். இரண்டு கட்டைகள் ஒரே நீளத்தில் இருந்தாலும் ஒன்றின் முன்பகுதி வட்டமாகவும் மற்றது கூராகவும் இருந்தால், பாதத்துக்குக் கிடைக்கும் இடம் ஒன்றல்ல.

## புழக்கத்தில் உள்ள அளவுமுறைகள்

1. பிரிட்டிஷ் முறை: இந்தியாவில் நாம் 'நம்பர்' என்று சொல்வது இதைத்தான். ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 8.47 மி.மீ. (பழைய கணக்கில் ஒரு வாற்கோதுமை மணியின் நீளம்.) குழந்தைகள் வரிசை 4 அங்குலத்தில் பூஜ்யமாகத் தொடங்கி 13 வரை போகும். அதன் பிறகு 14 வராது, மறுபடி 1 வரும். பெரியவர்களுக்குக் கட்டையின் நீளத்தைக் கணக்கிட நம்பரோடு 25-ஐக் கூட்டி மூன்றால் வகுத்தால் போதும், விடை அங்குலத்தில் கிடைக்கும். எட்டாம் நம்பர் என்றால் 33-ஐ மூன்றால் வகுத்து 11 அங்குலம், அதாவது 279 மி.மீ.

2. ஐரோப்பிய முறை: 'பாரிஸ் புள்ளி' எனப்படுவது. ஒரு புள்ளி மூன்றில் இரண்டு செ.மீ., அதாவது 6.67 மி.மீ. கட்டையின் நீளத்தைச் செ.மீ.யில் எடுத்து ஒன்றரையால் பெருக்கினால் எண் வரும். 28 செ.மீ. கட்டை என்றால் 42.

3. அமெரிக்க முறை: படி அளவு பிரிட்டிஷ் முறையில் உள்ள அதே மூன்றில் ஒரு அங்குலம்தான், தொடங்கும் இடம் வேறு. ஆண்கள் ஷூவில் நம் நம்பரோடு அரை அல்லது ஒன்று கூடும், பெண்கள் ஷூவில் சுமார் இரண்டு கூடும்.

4. மில்லிமீட்டர் முறை: இது மட்டும் கட்டையை விட்டுவிட்டுப் பாதத்தின் நீளத்தைச் சொல்கிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் வழக்கில் இருப்பது இந்த வகைதான். பெட்டியின் லேபிளில் JP அல்லது CM என்ற ஆங்கில எழுத்துகளின் அருகே 26.5, 27 என்று சிறிதாக இருக்கும். நான்கில் அதிகப் பயனுள்ள எண் இது, யாரும் பார்க்காத எண்ணும் இதுதான்.

## மாற்றுப் பட்டியல் எங்கே சறுக்குகிறது

பல கடைச் சுவர்களில் ஒட்டியிருக்கும் பட்டியல் 6 = 40, 7 = 41, 8 = 42, 9 = 43, 10 = 44 என்று ஒழுங்காக இறங்கும். பார்க்க அழகு, கணக்கில் ஓட்டை. நம் நம்பர் ஒவ்வொன்றும் 8.47 மி.மீ. கூடுகிறது, ஐரோப்பிய எண் 6.67 மி.மீ.தான் கூடுகிறது. ஆறிலிருந்து பத்துக்குப் போனால் பிரிட்டிஷ் கணக்கில் 34 மி.மீ. வளர்ச்சி. நாற்பதிலிருந்து நாற்பத்து நான்குக்குப் போனால் 27 மி.மீ.தான். ஏழு மி.மீ. வித்தியாசம், ஒரு முழு ஐரோப்பிய சைஸைவிட அதிகம்.

சூத்திரப்படி பார்த்தால் நம் 6 என்பது 39.4, நம் 7 என்பது 40.6, நம் 8 என்பது 41.9, நம் 9 என்பது 43.2, நம் 10 என்பது 44.5. எட்டுக்கு 42, ஒன்பதுக்கு 43 மட்டும் கிட்டத்தட்டச் சரி. மற்றவற்றை ஒரு நிறுவனம் மேலே தள்ளும், இன்னொன்று கீழே இறக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஐரோப்பாவுக்காகத் தைத்து மிஞ்சிய ஷூ, காந்தி வீதி சண்டே மார்க்கெட் போன்ற இடங்களில் கிடைத்தால் அதில் 41 என்றிருப்பதை ஏழு என்று நம்பி வாங்காதீர்கள். உள்ளே கால் விட்டுப் பாருங்கள்.

விளையாட்டு ஷூக்களில் இது இன்னும் வெளிப்படை. நைக்கி ஆண்கள் ஷூவில் பிரிட்டிஷ் 8-க்கு அருகே அமெரிக்க 9, ஐரோப்பிய 42.5, 27 செ.மீ. என்று இருக்கும். அடிடாஸ் 8-இல் அமெரிக்க 8.5, ஐரோப்பிய 42, 26.5 செ.மீ. நம்பர் ஒன்றுதான், எதிர்பார்க்கும் பாதம் அரை செ.மீ. வேறுபடுகிறது. இரண்டு நிறுவனமும் பொய் சொல்லவில்லை. அவரவர் பட்டியல் அவரவருக்கு.

சித்தப்பாவுக்கான பதிலும் இங்கேயே இருக்கிறது. 42, 43 என்று எதையாவது சொல்வதைவிட "பாதம் 266 மி.மீ." என்று சொல்லிவிட்டால் அங்கே கடைக்காரர் அந்த பிராண்டின் பட்டியலைப் பார்த்து எடுத்துக்கொடுப்பார்.

## 'பா' என்ன சொல்கிறது

சென்னை மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. அதன் அடிப்படையில் பரிந்துரைக்கப்பட்டதே 'பா'. பாரத் என்பதன் முதலெழுத்து. கைக்குழந்தை முதல் பெரியவர் வரை வயதையும் பாலினத்தையும் வைத்து எட்டுப் பிரிவுகள்.

கவனிக்க வேண்டியது பிரிவுகளின் எண்ணிக்கை அல்ல. நம் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானவை என்பது அந்த ஆய்வின் முக்கியமான முடிவு. ஒடுக்கமான ஷூவில் கால் நுழையாததால், தேவைக்கு மேல் நீளமான ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். சைஸ் பிரச்சினை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி உண்மையில் அகலப் பிரச்சினை.

## அகலம்

"டைட்டா இருக்கா சார், ஒரு நம்பர் பெருசு எடுத்துக்கோங்க." எந்தக் கடையிலும் கேட்கும் ஆலோசனை இது. பாதி நேரம் தவறானது.

பெருவிரலின் அடிமுட்டிலிருந்து சுண்டுவிரலின் அடிமுட்டு வரை போகும் கோடுதான் பாதத்தின் அகலமான இடம். நடக்கும்போது பாதம் மடங்குவதும் அந்தக் கோட்டில்தான். ஷூவின் சோலும் அதே கோட்டில் மடங்கும்படி வடிவமைக்கப்படுகிறது. ஒரு நம்பர் மேலே போனால் சுற்றளவு சுமார் 6 மி.மீ. கூடும், கூடவே நீளமும் எட்டரை மி.மீ. கூடும். அகலத்துக்காக இரண்டு நம்பர் ஏறினால் முன்னால் 17 மி.மீ. காலி. அதன் விளைவுகள் வரிசையாக வரும்:

1. மடிப்புக்கோடு பாதத்தின் விரல் முட்டுகளைவிட முன்னே போய்விடும். ஷூ மடங்கும்போது அந்த மடிப்பு விரல்களின் மேல் அழுத்தும். சில வாரங்களில் விரல் கணுவில் காய்ப்பு.

2. குதிகால் பிடிமானம் போய், ஒவ்வொரு அடியிலும் மேலும் கீழும் உரசும். கொப்புளம் பின்னங்காலில் வரும், அதைப் பார்த்து "புது ஷூ, கடிக்கத்தான் செய்யும்" என்று விட்டுவிடுவோம். கடிப்பது புதுமையால் அல்ல, நீளத்தால்.

3. கால் முன்னே வழுக்குவதைத் தடுக்க விரல்கள் தாமாகவே மடங்கிப் பிடிக்கும். மாலையில் பாதத்தின் அடியில் வலி.

4. பாதத்தின் உள்வளைவைத் தாங்கும் மேடு தப்பான இடத்தில் முட்டும்.

சரியான வழி, அதே நீளத்தில் அகலமான வார்ப்பைக் கேட்பது. சில நிறுவனங்கள் எழுத்தால் குறிக்கின்றன. எழுத்து முன்னேற முன்னேற அகலம் கூடும். ஆனால் எந்த எழுத்து சாதாரணம் என்பது முறைக்கு முறை வேறு. அமெரிக்க ஆண்கள் ஷூவில் D சாதாரணம், 2E அகலம், 4E மிக அகலம். பெண்களுக்கு B சாதாரணம், D என்றால் அகலம். பிரிட்டிஷ் ஆண்கள் ஷூவில் F அல்லது G சாதாரணம். எழுத்தே இல்லாத ஷூக்கள்தான் நம் கடைகளில் அதிகம். அப்போது வட்டமுனை, மெத்தென்ற துணி மேற்பகுதி, கீழ்வரை திறக்கும் லேஸ் அமைப்பு உள்ளதைத் தேடுங்கள். லேஸ் பகுதி விரல்வரை இறங்கினால் விரிக்க முடியும். லேஸே இல்லாத, நுழைத்துப் போடும் ஷூவுக்கு அந்த வசதி கிடையாது.

## வீட்டில் அளப்பது எப்படி

மாலையில் அளக்கவும். நாள் முழுவதும் நின்று நடந்த பிறகு பாதம் வீங்கியிருக்கும். கடலூர், புதுச்சேரி வெயிலில் அது இன்னும் தெரியும்.

1. சுவரையொட்டித் தரையில் ஒரு வெள்ளைத் தாளை வைக்கவும். எந்த ஷூவுக்கோ அதற்கான சாக்ஸ் போட்டுக்கொள்ளவும்.

2. குதிகாலைச் சுவரில் முட்டவைத்து, இரண்டு காலிலும் சம எடை போட்டு நிற்கவும். உட்கார்ந்து அளந்தால் பாதம் சில மி.மீ. குறைவாகக் காட்டும்.

3. வேறொருவர் பென்சிலை நேர்செங்குத்தாகப் பிடித்து மிக நீண்ட விரலின் முனையில் புள்ளி வைக்கட்டும். பென்சில் சாய்ந்தால் அளவு கெடும். பலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம்.

4. சுவரோரத் தாளின் விளிம்பிலிருந்து புள்ளிவரை மி.மீ.யில் அளக்கவும்.

5. தையல் டேப்பை எடுத்து, பெருவிரல், சுண்டுவிரல் அடிமுட்டுகள் இரண்டையும் சுற்றி அளக்கவும். இறுக்க வேண்டாம்.

6. மற்ற காலையும் அப்படியே. இரண்டும் சமமாக இருப்பது அபூர்வம். பெரிய காலின் அளவையே குறித்துக்கொள்ளவும்.

போனில் குறித்து வைக்க வேண்டியவை நீளம், சுற்றளவு என்ற இரண்டு எண்கள்தான். பெரியவர்களுக்கும் இவை மாறும். எடை கூடினாலும், கர்ப்பத்துக்குப் பிறகும், வயது ஏறினாலும் பாதம் தட்டையாகி நீள்கிறது. இருபது வயதில் போட்ட நம்பரை ஐம்பதில் கேட்டு வாங்குவதில் அர்த்தமில்லை.

## கடையில் சோதிப்பது

இன்சோல் (உள்ளே பாதம் படும் மெத்தை) கழன்று வரும் ஷூவாக இருந்தால் வேலை மிகச் சுலபம். அதை வெளியே எடுத்துத் தரையில் போட்டு, குதிகாலை அதன் குழியில் சரியாக வைத்து ஏறி நில்லுங்கள். விரலுக்கு முன்னால் 8 முதல் 12 மி.மீ. தெரிய வேண்டும். கடற்கரைச் சாலையில் தினமும் வேகநடை போகிறவர்கள், ஓடுகிறவர்கள் ஒரு கட்டைவிரல் அகலம் விடலாம். பக்கவாட்டில் பாதம் இன்சோலைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ ஒடுக்கம். எவ்வளவு நீளமாக எடுத்தாலும் தீராது.

இன்சோல் வராவிட்டால் இரண்டு ஷூவையும் போட்டு லேஸ் கட்டி நில்லுங்கள். ஒரு காலில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிடுவதே பலர் செய்வது. பெருவிரல் முனையை வெளியிலிருந்து அழுத்திப் பார்ப்பதும் அரைகுறைச் சோதனைதான். கை படும்போது விரல் தானாகப் பின்வாங்கும். அதைவிட, லேஸ் கட்டாமல் பாதத்தை முன்னே தள்ளிவிட்டு, குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைகிறதா என்று பார்க்கலாம். நுழைந்தால் நீளம் போதும், இரண்டு விரல் நுழைந்தால் அதிகம்.

பிறகு கடைக்குள் நடந்து, படி இருந்தால் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் முனையில் இடித்தால் வேண்டாம். முன்னங்காலில் எழும்பி, ஷூவில் விழும் மடிப்பு உங்கள் விரல் முட்டுகளின் நேரே விழுகிறதா என்று பாருங்கள்.

"போடப் போட விட்டுக்கொடுக்கும்" என்று சொன்னால் எந்தப் பொருள் என்று கேளுங்கள். அசல் தோல் அகலத்தில் ஓரளவு விடும், நீளத்தில் விடாது. ரெக்சின், பிளாஸ்டிக் பூச்சு உள்ளவை எதிலுமே விடாது.

## சில வகைகளுக்குத் தனிக் கணக்கு

பள்ளிக் கறுப்பு ஷூ: ஜூன் மாதம் வாங்குவதை மார்ச் வரை ஓட்ட வேண்டும் என்று இரண்டு நம்பர் பெரிதாக எடுப்பது வழக்கம். முன்னால் இரண்டரை செ.மீ. காலியாக இருந்தால் பிள்ளை தடுக்கி விழும், மேலே சொன்ன மடிப்புக் கோளாறும் வரும். 12 முதல் 15 மி.மீ. போதும். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். "போன வருஷம் 13, இப்போ 1 குடுக்கறாங்களே" என்று பயப்பட வேண்டாம், 13-க்கு அடுத்தது 1-தான்.

பாதுகாப்பு ஷூ: கடலூர் சிப்காட், நெய்வேலி சுரங்கம், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை என்று ஆயிரக்கணக்கானோர் இதில்தான் முழு ஷிப்ட் நிற்கிறார்கள். முன்னால் உள்ள இரும்புக் கவசம் ஒரு மி.மீ.கூட விரியாது. தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து, குந்தி உட்கார்ந்து எழ வேண்டும். குந்தும்போது கவசத்தின் பின்விளிம்பு விரல்களின் மேல் வெட்டுவதுபோல் அழுத்தினால் அந்த மாடல் உங்கள் பாதத்துக்கு இல்லை. ஒரு நம்பர் மாற்றினாலும் விளிம்பு இன்னொரு இடத்தில் அழுத்தும்.

செருப்பு: நுனியிலும் குதிகால் பின்னும் சுமார் அரை செ.மீ. சோல் நீட்டிக்கொண்டிருந்தால் போதும். நுரைபோன்ற லேசான ஒற்றை வார்ப்புச் செருப்புகளை மொட்டைமாடியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ விட்டால் சுருங்கிவிடும். வாங்கும்போது சரியாக இருந்தது மே மாதம் டைட்டாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள்: இவர்களுக்கு "போட்டுப் பார்த்தேன், வலிக்கல" என்பது சான்றே அல்ல. ஷூ கடிப்பது தெரியாது, புண் வந்த பிறகே தெரியும். உணர்ச்சி குறைந்த பாதம் இறுக்கமான ஷூவைத்தான் சரியென்று தேர்ந்தெடுக்கும். காலை வரைந்த தாளை ஷூவின் இன்சோலோடு ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் பட்டை போகும் செருப்பைத் தவிர்த்து, பின்பட்டையுள்ள எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற மெத்தென்ற ரப்பர்) செருப்பை மருத்துவர் சொல்லும் அளவில் எடுப்பது நல்லது. புதிதை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாமல், கழற்றியதும் சிவப்புத் தடம் இருக்கிறதா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

## ஆன்லைனில் வாங்கினால்

பட்டியலில் 'செ.மீ.' என்ற ஒரே தலைப்பின் கீழ் மூன்று வெவ்வேறு அளவுகள் வரலாம்: பாத நீளம், இன்சோல் நீளம், சோலின் வெளி நீளம். உங்கள் பாதம் 266 மி.மீ. என்றால் பாத நீளப் பட்டியலில் 26.5 அல்லது 27 பாருங்கள். இன்சோல் பட்டியலானால் 27.5-க்குக் குறையக் கூடாது. வெளிச்சோல் அளவு கொடுத்திருந்தால் அதை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது, சோலின் விளிம்பு எவ்வளவு துருத்துகிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். எது என்று எழுதாத பட்டியலில் 8-க்கு நேரே 28 என்று இருந்தால் அது பெரும்பாலும் கட்டை அல்லது இன்சோல் நீளம். 26.5, 27 என்றிருந்தால் பாத நீளம்.

## வாங்கிய பிறகு தெரிந்தால்

குதிகால் மட்டும் லூஸ் என்றால் லேஸின் கடைசித் துளையைப் பயன்படுத்துங்கள். அதே பக்கத்துத் துளையில் லேஸை நுழைத்து வளையம் விட்டு, எதிர்ப்பக்க முனையை அந்த வளையத்துக்குள் செலுத்தி இழுத்தால் கணுக்கால் பூட்டியதுபோல் நிற்கும். மேல்பாதம் உயரமாக இருந்து அழுத்தினால் அந்த இடத்துத் துளையில் மட்டும் குறுக்கே போகாமல் நேராக மேலேற்றுங்கள். ஷூ முழுவதும் சற்றே தொளதொள என்றால் 3 மி.மீ. இன்சோல் ஒன்றை அடியில் போடலாம். நீளம் அதிகமானதை இன்சோல் தீர்க்காது, ஷூவின் உள்ளுயரத்தை மட்டுமே குறைக்கும். தோல் ஷூ பக்கவாட்டில் பிடித்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து கட்டை போட்டு விரிக்கச் சொல்லலாம். நீளம் குறைவானதை எவராலும் நீட்ட முடியாது.

திருப்பிக் கொடுப்பதில் சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படிக் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். புகாருக்கு 1915 என்ற தேசிய உதவி எண் உண்டு. ஆனால் சோல் பிய்ந்தால் குறைபாடு, உங்கள் காலுக்குச் சேரவில்லை என்பது பொதுவாகக் குறைபாட்டில் சேராது. அது கடையின் மாற்றல் விதியைப் பொறுத்தது. ஆகவே பணம் கட்டும் முன் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்று கேட்டு, அதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டில் பாய் மேல் மட்டும் நடந்து, சோலில் மண் படாமல், மாலையில் ஒருமுறை முழுதாகப் போட்டுப் பார்த்துவிட்டு விலைச்சீட்டைக் கிழியுங்கள்.